வெப்பமாற்றியும் உழைப்பாளி உயிரும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவொற்றியூரின் வடபால் விம்கோ நகர் என்றோர் ஊர்ப்பெயர் வழங்குகிறது. அது பழந்தமிழ்ப் பெயரன்று. மேற்கிந்தியத் தீப்பெட்டிக் குழுமம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர். தீக்குச்சி செய்த ஆலை ஊருக்கே பெயரிட்டது. 2021ஆம் ஆண்டு பெருநகரத் தொடர்வண்டி அங்கு வந்தபோதும் நிலையத்திற்கு அப்பெயரே நிலைத்தது.

தீக்குச்சியின் தீ கண்ணுக்குத் தெரியும்; ஊதினால் அணையும். அவ்வூரைச் சூழ்ந்த மணலியிலும் எண்ணூரிலும் எஃகுக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் வெப்பமோ கண்ணுக்குத் தெரியாது, ஊதினாலும் அணையாது. அவ்வெப்பத்தை ஆளும் கருவியே வெப்பமாற்றி. பாடநூல்கள் அதனை 'வெப்பப் பரிமாற்றி' என்னும். பணிக்களத்தார் 'எக்சேஞ்சர்' என்பர். அக்கருவியின் தரமும் காவலும் யார் கையில் உள்ளன, யார் மொழியில் உள்ளன என்பதே இங்கு ஆராயப்படுவது.

வெப்பமாற்றியின் அடிப்படையை அறியாத தாய் இல்லை. சூடான பாற்குவளையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து ஆற்றிக் குழந்தைக்கு ஊட்டுகிறாளே, அங்கு நிகழ்வது அதுதான். பாலும் நீரும் கலப்பதில்லை. வெப்பம் மட்டுமே இடம் மாறுகிறது. ஆலையில் குவளைக்கு மாறாக ஒரு பெரிய உருளைக்கூடு இருக்கும். அதனுள் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் கற்றையாகக் கிடக்கும். அவற்றின் முனைகள் தடித்த தகடொன்றின் துளைகளில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். குழாயினுள்ளே ஒரு நீர்மமோ வளியோ ஓடும். குழாயின் புறத்தே மற்றொன்று ஓடும். இரண்டிற்கும் இடையே காவல் நிற்பது ஏறத்தாழ இரண்டு மில்லி மீட்டர் தடிப்புள்ள மாழையே.

1969இல் இயங்கத் தொடங்கிய மணலி எண்ணெய்த் தூய்விப்பாலையிலும், 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்திலும் வெப்பமாற்றி இன்றி ஒரு நாளும் கழிந்ததில்லை. அனல்மின் நிலையத்தில் நீராவியை மீண்டும் நீராக்கும் குளிர்கலனும் வெப்பமாற்றியே. உப்புக்காற்றும் உப்புநீரும் ஓயாத அக்கடற்கரையில் அந்த மெல்லிய மாழை நாள்தோறும் அரிபடுகிறது. கருவியின் தரம் என்பது இந்த அரிப்பைத் தாங்கும் அளவே.

தரநெறிகள் வானிலிருந்து விழுந்தவையல்ல, பிணங்களின்மேல் எழுந்தவை. 1905ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் அமெரிக்காவின் பிராக்டன் ஊரில் காலணித் தொழிற்சாலைக் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். அதன் பின்னரே அந்நாட்டில் கொதிகலனுக்குக் கடுஞ்சட்டம் வேண்டுமென்ற குரல் வலுத்தது. 1914இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் கழகம் கொதிகலன் நெறிநூலை வகுத்தது. இந்தியாவில் கொதிகலன் சட்டம் 1923இல் வந்தது. கூடும் குழாயுங் கொண்ட வெப்பமாற்றிக்கென இந்தியத் தர நிறுவனம் ஐ.எசு. 4503 என்னும் தரநெறியை 1967இல் வெளியிட்டது.

அமெரிக்காவில் 1939இல் தோன்றிய வெப்பமாற்றி செய்வோர் சங்கம் இக்கருவிகளை மூவகையாகப் பிரித்தது. எண்ணெய்த் தூய்விப்பாலையின் கடுமையான பணிக்கு ஒன்று, பொதுப்பணிக்கு ஒன்று, வேதியியல் ஆலைக்கு ஒன்று. முதல்வகைக்குக் கரிம எஃகில் அரிப்பிற்கென 3.2 மில்லி மீட்டர் மிகைத்தடிப்பு விடவேண்டும்; மற்ற இரண்டிற்கும் 1.6 மில்லி மீட்டர் போதும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வண்ணம் பூசிவிட்டால் வேறுபாடு யார்க்கும் தெரியாது. கடும்பணி செய்யவேண்டிய இடத்தில் விலை குறைவென்று மென்பணிக் கருவியை வைத்தால், அங்கே மிச்சமாவது பணம்; தேய்வது உழைப்பாளியின் வாழ்நாள்.

செய்து முடித்த கருவியை நீர் நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தமேற்றி ஆய்வர். ஏன் காற்றை நிரப்புவதில்லை? காற்று அமுங்கும், அமுங்கிய காற்று வில்லைப்போல் ஆற்றலைத் தேக்கி வைக்கும், கூடு பிளந்தால் குண்டாக வெடிக்கும். நீர் அமுங்குவது மிகச் சிறிது. கூடு பிளந்தால் பீறிட்டு அடங்கும். இத்தகைய எளிய அறிவே உயிரைக் காக்கிறது.

ஆயினும், நல்ல எஃகும் நல்ல சான்றிதழும் மட்டும் போதுமா? போதா என்பதற்கு மூன்று சான்றுகள் உள.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் 25. ஆத்திரேலியாவின் இலாங்போர்டு எரிவளி ஆலையில் வெப்பமாற்றி ஒன்றிற்குச் செல்லும் சூடான எண்ணெய் நின்றுபோயிற்று. கருவி உறையுநிலைக்குக் கீழே 48 பாகை வரை குளிர்ந்தது. வெளியே பனி படிந்தது. அக்குளிரில் எஃகு நெகிழ்வை இழந்து கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையடையும். அதனை அறியாது சூடான எண்ணெயை மீண்டும் செலுத்தினர். கூடு பிளந்தது, இருவர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். மாநிலமே ஏறத்தாழ இரு கிழமை எரிவளி இன்றித் தவித்தது. நிறுவனம் தொழிலாளர்மேல் பழி சுமத்தியது. அரசு அமைத்த ஆணையமோ, உரிய பயிற்சி தராத நிறுவனமே குற்றவாளி என்று உரைத்தது.

2008ஆம் ஆண்டு சூன் 11. அமெரிக்காவின் ஊசுடன் நகரில் செயற்கை இரப்பர் ஆலை. அம்மோனியா நிரம்பிய வெப்பமாற்றியில், பழுது பார்ப்பதற்காக முதல்நாள் ஒரு வால்வை மூடினர். வேலை முடிந்தபின்பும் அது மூடியே கிடந்தது. அச்செய்தி அடுத்த முறையினர்க்குச் சரிவரச் சென்று சேரவில்லை. மறுநாள் காலை குழாய்களைத் துப்புரவு செய்ய நீராவி விட்டனர். சூடேறிய அம்மோனியாவுக்கு வெளியேற வழியில்லை. கருவி வெடித்து ஒரு தொழிலாளி உயிர் போயிற்று. எஃகில் குறையில்லை, சொல்லவேண்டிய சொல் சொல்லப்படாததே குறை.

2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 2. அமெரிக்காவின் அனகார்ட்டிசு எண்ணெய்த் தூய்விப்பாலை. முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்த வெப்பமாற்றி பிளந்து எழுவர் மாண்டனர். சூடான நீரகம் என்னும் ஐதரசன் வளி கரிம எஃகின் உள்ளே புகுந்து, நுண்ணிய வெடிப்புகளாக அதனை அரித்துவிட்டிருந்தது. அத்தகைய நிலையில் கரிம எஃகு கேடுறாது என்று காட்டிய தரநெறி வரைகோடே பிழைபட்டிருந்தது என்று ஆய்ந்தோர் கூறினர். அக்கருவிகள் தொடக்கத்தின்போது அடிக்கடி கசிவதும், கசிவைத் தணிக்க ஆட்கள் அருகே நிற்பதும் வழக்கமாகிவிட்டிருந்தன. நாள்தோறும் காணும் கசிவு எச்சரிக்கையாகத் தோன்றாது. பழகிய இடரே பேரிடர்.

இம்மூன்றையும் அயல்நாட்டுக் கதையென்று தள்ள இயலாது. 1984 திசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நச்சுவளி கசிந்தபோது, அந்நஞ்சைக் குளிர வைத்திருக்கவேண்டிய அமைப்பு பல திங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. 2023 திசம்பர் 26ஆம் நாள் இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே, உர ஆலைக்குரிய கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மீனவக் குடும்பங்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தோளிலிட்டு ஓடின. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவம் நாட நேர்ந்தது. தம் கடற்கரையின் அடியில் என்ன ஓடுகிறது, கசிந்தால் எத்திசையில் ஓடவேண்டும் என்பவற்றை அம்மக்களுக்கு அவர்கள் மொழியில் முன்பே கூறியிருக்க வேண்டாவா?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டது. போபாலுக்குப் பின், 1987இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இடர்மிகு ஆலையினர் இடரைத் தொழிலாளர்க்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவிக்கவேண்டும் என்றாயிற்று. ஆயினும் சுவரில் தொங்கும் அறிவிப்பு தமிழில் இருந்தால் மட்டும் என்ன பயன்? கருவியின் வரைபடமும், இயக்குமுறை ஏடும், தடிப்பளவுப் பதிவேடும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உறங்குகின்றன. படித்தவன் கையில் ஏடு; படியாதவன் கையில் வால்வு. ஏட்டிற்கும் வால்விற்கும் இடையேயுள்ள தொலைவில்தான் சாவு குடியிருக்கிறது.

ஆகவே வேண்டுவன மூன்று.

ஒவ்வொரு வெப்பமாற்றியின் மேலும் அது தாங்கும் உச்ச அழுத்தம், உச்ச வெப்பம், தாங்கும் கடுங்குளிர், இறுதியாக ஆய்ந்த நாள், அடுத்து ஆயவேண்டிய நாள் ஆகியவை தமிழில் எழுதப்படவேண்டும். இது முதலாவது.

தொடக்கும் முறையும் நிறுத்தும் முறையும் தமிழில் அமையவேண்டும். முறை மாறும்போது எந்த வால்வு மூடியுள்ளது, எது திறந்துள்ளது என்பதை எழுதி, படித்துக்காட்டி, ஒப்பம் பெற்றே பொறுப்பை ஒப்படைக்கவேண்டும். இது இரண்டாவது.

தடிப்பளவுப் பதிவேடு தொழிலாளர்க்குத் திறந்திருக்கவேண்டும்; கசிவு கண்டவன் பணியை நிறுத்தச் சொன்னால் அதற்காக அவன் ஒறுக்கப்படலாகாது. இது மூன்றாவது.

இவ்வுரிமை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒப்பந்தக் கூலியாய் உழைப்போனுக்கு அவன் தாய்மொழியில் எச்சரிக்கை தரப்படவேண்டும். தன் மொழியின் அருமை அறிந்த தமிழனே அதனை முதலில் கேட்கக் கடமைப்பட்டவன்.

தமிழ்த் தொண்டர்க்கும் ஒரு கடன் உண்டு. அறையில் அமர்ந்து சொல்லாக்கினால் அது அகரமுதலியில் மட்டும் வாழும். விம்கோ நகரின் பட்டறைகளுக்குச் செல்லுங்கள். பற்றவைப்போனிடமும் குழாய் பொருத்துவோனிடமும் அமருங்கள். அவன் வாயில் வழங்கும் சொல்லைக் கேட்டு, அவன் கையாளத்தக்க சொல்லைத் தாருங்கள். இக்கட்டில் ஒரு நொடியில் கத்திச் சொல்லக் கூடிய சொல்லே உயிர் காக்கும் சொல்.

மொழி என்பது பாட்டிற்கும் மேடைக்கும் மட்டும் உரியதன்று; எஃகு பிளக்குமுன் ஒருவன் மற்றொருவனுக்குச் சொல்லும் எச்சரிக்கையும் மொழியே. அவ்வெச்சரிக்கை தமிழில் ஒலிக்கட்டும்! உழைக்கச் சென்றவன் உயிரோடு வீடு திரும்பட்டும்!