நொய்யலின் தரவு

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

தரவு என்னும் சொல்லைக் கேட்டதும் இவ்வவையில் அமர்ந்திருக்கும் கவிஞர்தம் நினைவில் எழுவது கலிப்பாவே ஆகும். தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்னும் உறுப்புகளுள் முதற்கண் நிற்பது அது. எருத்து என்றும் அதற்கொரு பெயருண்டு. பொருளைத் தொடங்கித் தருவது தரவு, விரித்துச் செல்வது தாழிசை, முடித்துவைப்பது சுரிதகம். இன்று கணிப்பொறித் துறையினர் 'டேட்டா' என்பதற்கு இதே சொல்லை ஆள்கின்றனர். அந்த அயற்சொல்லின் இலத்தீன் மூலமும் 'தரப்பட்டவை' என்றே பொருள்படும். தரவில் குற்றமிருப்பின் சுரிதகம் எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் பாட்டு நிமிராது என்பதைப் புலவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வுண்மை ஓர் ஆற்றுக்கும் பொருந்தும் என்பதே இவ்வுரையின் பொருள்.

அவ்வாறு வேறெதுவுமன்று; திருப்பூரின் நடுவே ஓடும் நொய்யலே ஆகும்.

ஆறும் உப்பும்

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் கலப்பது நொய்யல். அதன் கரையில், சென்னிமலைக்கு அண்மையில் உள்ளது கொடுமணல். அங்கே நிகழ்ந்த அகழாய்வுகளில் மணிகள் செய்த தொழிற்கூடங்களின் எச்சங்களும், தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து. ஆகவே, தொழில் செய்து, செய்த பொருளைத் தொலைநாட்டுக்கு விற்று, தன் பெயரைப் பொறித்தும் வைத்த மக்கள் இவ்வாற்றங்கரைக்குப் புதியவர் அல்லர்.

அதே கொடுமணலுக்கு அருகில்தான் 1992ஆம் ஆண்டில் ஒரத்துப்பாளையம் அணை பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 20 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்கு நீர் தருவது அதன் நோக்கம். ஆனால் அணையில் தேங்கியது நீர் மட்டுமன்று. திருப்பூரின் சாயப்பட்டறைகள் விடுத்த கழிவும் ஆகும். பருத்தி நூலில் சாயம் பற்றுவதற்கு உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்கும். உப்போ நீரோடு வெளியேறும். சாயத்தின் நிறத்தை நீக்குதல் எளிது. கரைந்த உப்பை நீக்குதல் அரிது. பனியன் வெளுத்து, ஆடை மிளிர்ந்து, கப்பலேறிய பின்னும் அதன் உப்பு இங்கேயே தங்கிவிட்டது. அணையிலிருந்து பாசனத்துக்கு நீர் பெற வேண்டிய உழவர்கள், அணை நீரைத் திறக்க வேண்டா என்று வேண்டும் நிலை உருவாயிற்று. அணை வரலாற்றில் இதனினும் துயரமான முரண் அரிது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியேறலாகாது எனத் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அந்நிலையை உறுதி செய்தது. தீர்ப்பு நிறைவேறாமையால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. திருப்பூரில் அன்று எத்தனை இல்லங்களில் அடுப்பு சோர்ந்தது என்பதை அறிந்தவர் இவ்வவையில் உளர். பாழ்பட்ட வயலுடையாரும் உளர். இரு சாராரும் ஒரே ஆற்றின் மக்களே. அவர்களுக்கிடையே நின்று வழக்குரைக்க வேண்டியது எண் ஒன்றே.

பூச்சியம் என்னும் சான்று

'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்று திருப்பூரின் தேநீர்க் கடைகளிலும் வழங்கும் தொடர், கழிவு வெளியேற்றம் பூச்சியமாக வேண்டும் என்பதாம். கழிவுநீர் சவ்வூடு பிரிக்கப்பட்டு, எஞ்சிய உவர்நீர் கொதிக்கவைத்து ஆவியாக்கப்பட்டு, நல்ல நீரும் உப்பும் மீண்டும் பட்டறைக்கே திரும்புகின்றன. இது நடைபெறுகிறது என்பதற்குச் சான்று யாது? 2014ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மிகு மாசு விளைக்கும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இடைவிடாது அளக்கும் கருவிகளை நிறுவி, அளவுகளை இணையவழி அனுப்ப வேண்டும் எனப் பணித்தது. பூச்சிய வெளியேற்ற நிலையங்களில் நீரோட்டமானியும் கண்காணிப்புக் கேமராவும் இப்பணிக்கு உரியவை.

இங்கேதான் கவிஞர் சிந்திக்கத்தக்க ஒரு நுட்பம் இருக்கிறது. குழாயில் நீர் ஓடாதபோது மானி பூச்சியம் காட்டும். மானி பழுதுற்றாலும், மின்கம்பி அறுந்தாலும் காட்டுவது பூச்சியமே ஆயின், முன்னது அறம், பின்னது இருள் என்று பிரித்தறிவது எங்ஙனம்? கருவியியலார் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். மானியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் 0 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை அமையாமல், 4 முதல் 20 வரை அமைகிறது. மணிக்கு 100 கன மீட்டர் வரை அளக்கும் மானியாயின், 20 என்பது 100 கன மீட்டர். 12 என்பது 50. 4 என்பது பூச்சியம். மின்னோட்டமே இல்லையெனில் அது பூச்சியம் அன்று. கருவி பேசவில்லை என்பதே பொருள். 'ஒன்றும் இல்லை' என்று சொல்வதும், ஒன்றும் சொல்லாதிருப்பதும் வேறு வேறு. மௌனத்தை ஒப்புதலாகக் கொள்ளும் வழக்கம் மனிதரிடையே உண்டு. நல்ல கருவியிடத்தில் இல்லை.

கருவிக்குப் பின்னால் இருப்போர்

குழாய்முனையில் இருக்கும் மானிக்கும், தலைநகரத்துத் திரையில் தோன்றும் எண்ணுக்கும் இடையே நெடிய வழி உள்ளது. மானியின் குறிப்பை டேட்டா லாகர் என்னும் பதிவுப்பெட்டி ஏற்று, நேரம் குறித்து, தன்னுள் சேமித்து, கைப்பேசிக் கோபுரத்தின் வழியே மையக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. மின்தடை, இணைப்புத் துண்டிப்பு, இடி, எலி என இவ்வழியில் இடர் பல. இணைப்பு அறுந்தபோது பெட்டி தன் பதிவை இழக்கலாகாது. மீண்டும் இணைந்தபின், அளந்த நேரத்தையே சுட்டி அனுப்புதல் வேண்டும், அனுப்பிய நேரத்தை அன்று. நள்ளிரவில் ஓடிய நீர் நண்பகலில் ஓடியதாகப் பதிவாயின், அது யாரையோ தப்பவிடும்; அல்லது யார்மீதோ பழி சுமத்தும்.

உப்பை அறியும் முறையும் நுண்ணியது. 'டி.டி.எஸ்.' எனப்படும் கரைந்த திண்மங்களைக் கருவி நேரே காண்பதில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளந்து, ஒரு பெருக்கெண்ணால் பெருக்கியே உப்பின் அளவைச் சொல்கிறது. நீர் ஒரு பாகை சூடேறினால் கடத்துதிறன் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு உயரும். அதனால் 25 பாகை செல்சியசுக்கு ஒப்பத் திருத்திக் கூற வேண்டும். கோடையில் நீர் 35 பாகையாயின், திருத்தாத எண் ஐந்தில் ஒரு பங்கு மிகையாகும். மின்முனையில் பாசி படர்ந்தால் எண் மெல்ல மெல்லப் பொய்யாகும். அதனைத் துடைத்து, அளவறிந்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அமிழ்த்தி, 1413 என்னும் உரிய எண் வருகிறதா எனச் சரிபார்க்கும் ஊழியரின் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறுவதில்லை. எனினும் தீர்ப்பின் தரவு அவர் கையில் உள்ளது.

வெற்றிடத்தின் அறம்

இனி, அளவு வாராத வேளையில் செய்வது யாது என்னும் வினா எழுகிறது. வெற்றிடத்தைக் குறிக்கப் பல அமைப்புகளில் −999 போன்ற ஓர் எண்ணை இடுவர். எடுத்துக்காட்டாக, கால்மணிக்கு ஒன்றாக ஒரு மணி நேரத்தில் வரும் நான்கு அளவுகளுள் மூன்று 2200 என்க. நான்காவது வாராமல் −999 என நின்றது என்க. கழிவுநீருக்கு ஒப்பிய எல்லை லிட்டருக்கு 2100 மில்லிகிராம். மூன்றுமே எல்லை கடந்தவை. ஆயினும் கருதாமல் நான்கையும் கூட்டிச் சராசரி கண்டால் 1400 வரும்; அழுக்கு நீர் தூய்மை பெற்றுவிடும்! எவரும் பொய் சொல்லவில்லை. வெற்றிடத்தை எண்ணாகக் கொண்ட பிழையே பொய்யாயிற்று.

இப்பிழையினின்று காக்கும் நெறி தமிழருக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளைத் தேடித் திரிந்த உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும், 1904இல் பதிற்றுப்பத்தையும் பதிப்பித்தார். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விரு எண்களும் இன்றளவும் வெற்றிடமாகவே உள்ளன. 269ஆம் பாடல் முன்னே நகர்ந்து அவ்விடத்தை மறைக்கவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. அவை இன்மையை இன்மையாகவே உலகம் அறிகிறது. பெரும்புலமை படைத்த அப்பெருமகனார்க்குச் சங்க நடையில் சில அடிகள் இயற்றி இடைவெளியை நிரப்புதல் இயலாததன்று. அவர் செய்யவில்லை. சிதைந்த இடத்தைச் சிதைந்ததெனக் காட்டினார். பாட வேறுபாடுகளைக் கீழே குறித்தார். கொடுமணத்தைச் சொல்லும் பாடல்களை நம்பி ஆய்வாளர் நொய்யற்கரைக்கு வர முடிந்தது அந்த நேர்மையால் அன்றோ!

ஐயத்துக்குரிய எண்ணை அழித்தலும் ஆகாது. அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் ஓசோனை அளந்துவந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகியோர் 1985இல் அப்படலம் பெரிதும் மெலிந்ததை வெளியிட்டனர். அதே வானத்தைச் செயற்கைக்கோளும் அளந்திருந்தது. ஆனால் 180 அலகுக்குக் கீழ்ப்பட்டவற்றை ஐயத்துக்குரியவை எனக் குறியிட்டு ஒதுக்குமாறு அதன் நிரல் அமைந்திருந்தது. நல்வாய்ப்பாக, மூல அளவுகள் அழிக்கப்படவில்லை. மீண்டும் படித்தபோது ஒரு கண்டத்தின் மேல் விரிந்த குறை முழுவதும் புலனாயிற்று. ஒதுக்கியது பிழை; அழிக்காதது காப்பு. மூலவோலை இருந்தால் பிழையான பதிப்பைத் திருத்தலாம்; ஓலையை எரித்தபின் எதைத் திருத்துவது?

சுரிதகம்

ஆகவே, ஆற்றின் தரவைக் காப்போர் மேற்கொள்ள வேண்டிய நெறிகள் மூன்று. வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடுக. ஐயத்தை ஐயமெனக் குறித்து வைக்க. மூலத்தை மூலமாகவே பேணுக. திருத்தம் செய்தால் யார், எப்போது, ஏன் செய்தார் என்பதும் உடன் நிற்க வேண்டும். இவை மூன்றும் பதிப்பாசிரியன் அறமே.

அந்த எண்கள் தொழில்செய்வோர்க்கும் உழவர்க்கும் ஒருசேர நம்பத்தக்கனவாய் அமைந்தால்தான், செம்மையாக இயங்கும் பட்டறை பிறர் பிழைக்காக மூடப்படாது. பிழை செய்யும் பட்டறை பிறர் செம்மையின் மறைவில் ஒதுங்காது. எண்ணை நம்ப முடியாத ஊரில் எஞ்சுவது குற்றச்சாட்டும் மறுப்புமே. அவற்றால் ஒரு குடம் நீரும் இனிக்காது.

நொய்யலைப் பாடும் கவிஞர் பலர் இங்கு உளர். நுரையையும் நிறத்தையும் பாடியோர், சுத்திகரிப்பு நிலையத்தின் மூலையில் மின்முனையைத் துடைக்கும் கையையும் காண வேண்டும். கொடுமணலில் பானையோட்டில் பெயர் கீறியவன் தன் எழுத்து இரண்டாயிரம் ஆண்டு கடந்து படிக்கப்படும் என்று எண்ணியிருக்க மாட்டான். உள்ளதைப் பொறித்தான், அவ்வளவே. இன்று கால்மணிக்கு ஒருமுறை நொய்யற்கரையிலிருந்து புறப்படும் எண்ணும் அத்தகைய ஒரு பொறிப்பே. அதை உள்ளவாறே பொறிக்கும் ஊர் தன் ஆற்றை மீட்கும்.