குற்றவாளி ஒப்படைப்பும் மனித உரிமையும்

ஒரு நாட்டில் குற்றம் செய்துவிட்டு மற்றொரு நாட்டுக்குத் தப்பியோடியவரைப் பிடித்து, விசாரிக்க வேண்டிய நாட்டிடம் சேர்ப்பிப்பதே குற்றவாளி ஒப்படைப்பு. நெடுங்காலம் இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலாகவே இருந்தது. அனுப்பிவைக்கப்படுபவர் அங்கே எப்படி நடத்தப்படுவார் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை 1984-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கை எழுப்பியது. சித்திரவதை நேரும் என்று நம்பத் தக்க காரணம் இருந்தால் எவரையும் ஒப்படைக்கக் கூடாது என்று அதன் மூன்றாவது பிரிவு சொல்கிறது.

நடைமுறையை மாற்றியது சோரிங் வழக்கு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1985-இல் காதலியின் பெற்றோரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெர்மானிய இளைஞர் ஒருவர், மறு ஆண்டு இங்கிலாந்தில் பிடிபட்டார். வர்ஜீனியாவில் மரண தண்டனை பெற்றவர்கள் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை சாவை எதிர்பார்த்துச் சிறையில் கிடந்தார்கள். அந்தக் காத்திருப்புக்கு அவரை அனுப்பினால் அது மனிதத்தன்மையற்ற செயலாகும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1989 ஜூலையில் தீர்ப்பளித்தது. அவர் தப்பித்துவிட்டாரா என்றால், இல்லை. மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் விசாரிப்பதில்லை என்று அமெரிக்கா உறுதியளித்தது. 1990-இல் ஒப்படைக்கப்பட்ட அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. மனித உரிமை குற்றவாளிக்குக் கேடயம் என்று குறைசொல்பவர்கள் வழக்கின் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை.

இந்தியாவும் இதே வழியில் நடந்திருக்கிறது. 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலீமை 2005-இல் போர்ச்சுகல் ஒப்படைத்தது. மரண தண்டனையும் 25 ஆண்டுக்கு மேற்பட்ட சிறைவாசமும் இருக்காது என்று இந்தியா முன்பே வாக்குக் கொடுத்திருந்தது. அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட போதிலும், அந்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வாக்குத் தவறும் நாட்டிடம் அடுத்த முறை யாரும் ஆளை ஒப்படைக்க மாட்டார்கள் அல்லவா?

சிறையின் நிலையும் கணக்கில் வருகிறது. தொழிலதிபர் விஜய் மல்லையா வழக்கில், அவரை அடைக்கவிருந்த மும்பை ஆர்தர் சாலைச் சிறையின் 12-ஆம் எண் கட்டடத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புமாறு லண்டன் நீதிபதி 2018-இல் கேட்டார். காணொளியைப் பார்த்து நிறைவடைந்த பிறகே, அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்படைப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதற்குப் பிறகும் விவகாரம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது வேறு கதை.

சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது; இன்னும் முறைப்படி ஏற்கவில்லை. சித்திரவதைக்கு எதிராகத் தனிச் சட்டம் இல்லாததால் வெளிநாடுகளிலிருந்து குற்றவாளிகளைக் கொண்டுவருவது கடினமாகிறது என்று சுட்டிக்காட்டி, உடன்படிக்கையை ஏற்கும்படி இந்தியச் சட்ட ஆணையம் 2017-இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் நிறைவேற்றப்படவில்லை.