முடி சூட்டிய கை



தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலைக் காண்போர், குதிரைகள் பூட்டிய கல் தேரைக் கண்டு வியப்பர். இன்று நான் பேச விரும்புவது சிற்பத்தைப் பற்றியன்று, அரசியலைப் பற்றி.

இவ்வூரின் பழம்பெயர் இராசராசபுரம். கோயிலை எடுப்பித்தவன் 1146-இல் ஆட்சிக்கு வந்த இரண்டாம் இராசராச சோழன். அவன் மறைந்தபோது மக்கள் இருவருக்கும் வயது ஒன்றும் இரண்டுமே. அரியணை வெறிதானால் முதலில் ஆபத்துக்கு உள்ளாவோர் அரண்மனைக் குழந்தைகள் அன்றோ? அப்போது திரைக்குப் பின் நடந்ததை, மயிலாடுதுறையை அடுத்த பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது.

பெருமானம்பிப் பல்லவராயர் என்னும் அமைச்சர், குழந்தைகளையும் அந்தப்புரத்தையும் பரிவாரத்தையும் ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து அழைத்து வந்து, இராசராசபுரத்தில் வைத்துக் காத்தார். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து முன்னரே வரவழைத்திருந்த எதிரிலிப்பெருமாள், விக்கிரம சோழனின் பேரன். அவனுக்கே இராசாதிராசன் என்று முடிசூட்டி, அதிகாரிகளும் நாட்டாரும் ஒருமனப்படச் செய்தார். கைக்குழந்தையைப் பெயரளவில் அரசனாக்கித் தாமே ஆள நினைப்பவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? அவர் அவ்வழி செல்லவில்லை.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அமைச்சர் இறந்தபின் அவர் சுற்றத்தார்க்கு இறையிலி நிலம் வழங்கிய சாசனம் அது. வழங்கியவன் அவரால் முடிபெற்ற மன்னனே! ஆகவே நாம் கேட்பது ஒரு தரப்பின் சொல்.

அதே வினா 1964-இல் தில்லியில் எழுந்தது. மே 27-ஆம் நாள் நேரு மறைந்தார். நந்தா இடைக்காலப் பிரதமரானார். காங்கிரசுத் தலைவராக இருந்த காமராசர், முதலமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் கண்டு கருத்தறிந்தார். பேசியதினும் கேட்டதே மிகுதி. லால் பகதூர் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். 1966 சனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். இம்முறை ஒருமனம் கூடவில்லை. கட்சி உறுப்பினர்கள் வாக்களித்தனர். இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169. இருமுறையும் காமராசர் தாம் பிரதமராக முயலவில்லை.

திரைமறைவு என்றாலே சூழ்ச்சி என்று எண்ணிவிடுகிறோம். ஆட்சி கைமாறும் அந்தச் சில நாட்களில் நாடு கலையாமல் காக்கும் பணியும் அங்கேதான் நடைபெறுகிறது. சோழர் காலத்தில் அதற்குச் சான்று, வென்றவர் வெட்டிய கல் ஒன்றே. மக்களாட்சியிலோ எண்ணிப் பார்க்க வாக்குகள் உண்டு; தோற்றவரும் தம் கட்சியைச் சொல்லலாம்; அடுத்த தேர்தலில் மக்களே தீர்ப்பு வழங்கலாம். அந்த வேறுபாட்டைப் பேணுவது, நாளை வாக்களிக்கப்போகும் உங்கள் பொறுப்பாகும்.