தினமும் மூட்ட வேண்டிய நெருப்பு



நம்மில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கரி எஞ்சின் நன்றாக நினைவிருக்கும். சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்கோ கோடைரோட்டுக்கோ போய் ரயில் ஏறுவோம். சன்னலோரம் இடம் பிடிக்கச் சண்டை போடுவோம். பிறகு கண்ணில் கரித்தூள் விழுந்து, அம்மா முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி ஒற்றி எடுப்பார். டீசல் வந்தது, மின்சாரம் வந்தது, அந்த எஞ்சின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அவற்றில் ஒன்று மீண்டும் எழுந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் செய்யப்பட்டு இந்தியா வந்த 'இ.ஐ.ஆர். 21' என்ற எஞ்சின் அது. 1909இல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். பிறகு 101 ஆண்டுகள் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. 2010இல் சென்னை பெரம்பூர் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் அதைச் சீர்செய்து, அதன் வயிற்றில் மறுபடியும் நெருப்பு மூட்டி, தண்டவாளத்தில் ஓட வைத்தார்கள். எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகளின் காட்சி நம் நினைவுக்கு வருகிறது.

எழுப்புவது பெரிய காரியம்தான். ஆனால் எழுப்பியதைக் காப்பது அதைவிடப் பெரிய காரியம். இதை நமக்குக் கற்றுத் தருபவர்கள் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இருக்கிறார்கள்.

அங்கே தாலிலின் என்றொரு சின்ன ரயில் பாதை. மலையிலிருந்து கற்பலகை இறக்குவதற்காகப் போடப்பட்டது. 1950இல் அதன் உரிமையாளர் இறந்தபோது பாதையை மூடிவிடுவார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ரயில்மேல் பிரியம் கொண்ட சாதாரண மக்கள் சிலர் கூடிப் பேசினார்கள். 1951இல் தாங்களே பொறுப்பேற்று, கூலி வாங்காமல் வண்டியை ஓட்டத் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் இப்படி எடுத்து நடத்திய பழைய ரயில் பாதைகளில் உலகிலேயே முதலாவது அதுதான். அந்த ஆண்டு தொடங்கியபோது ஓடும் நிலையில் இருந்தது 1866இல் செய்யப்பட்ட ஒரே ஒரு எஞ்சின். அதை நம்பித்தான் இறங்கினார்கள். நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் 'தாமஸ்' என்ற நீல எஞ்சின் கதையை எழுதிய ஆங்கிலிக்கன் சபைக் குரு வில்பர்ட் ஆட்ரியும் 1952இல் அங்கே போய்த் தன்னார்வலராக வேலை செய்தார். அந்த வண்டி இன்றும் ஓடுகிறது.

எப்படி ஓடுகிறது? கரி எஞ்சினில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே ஒருவர் வர வேண்டும். பழைய சாம்பலை வார வேண்டும். குழாய்களில் அடைந்த கரியைத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் விட வேண்டும். பிறகு நெருப்பை மெதுவாக மூட்ட வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால், இரும்பு ஒரு பக்கம் விரிந்து மறு பக்கம் விரியாமல் கொதிகலன் கெட்டுப் போகும்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர் உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமல்லவா? கொதிகலனுக்குள்ளும் அப்படித்தான் படியும். அதை அவ்வப்போது கழுவி எடுக்காவிட்டால் நெருப்பு எரியும், ஆனால் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராது. இந்த வேலைக்கு மாலை கிடையாது, மேளம் கிடையாது. பயணம் போகிறவர்கள் கண்ணில் அது படுவதும் இல்லை.

அன்பானவர்களே, நம் கதையைச் சொல்கிறோம். ஒரு வருடம் திருவிழாவுக்குச் சப்பரத்தைப் புதுப்பித்தோம். வர்ணம், மின்விளக்கு, பூ அலங்காரம் என்று எதிலும் குறை வைக்கவில்லை. அதே தெருவில் வயதான தாய் ஒருவர் எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். நற்கருணை கொண்டு போனபோது அவர் சொன்னார்: "வரி வாங்க வந்தாங்க சாமி. அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

நமக்கு வெட்கமாக இருந்தது. அன்பியத்தில் பேசி, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் போனோம். மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. நான்காவது வாரம் ஒருவருக்குக் கல்யாண வேலை, இன்னொருவருக்குக் களத்து வேலை. முறை அப்படியே நின்றுபோனது. இரண்டு மாதம் கழித்து அந்தத் தாய் இறந்தார். அடக்கத்துக்கு ஊரே திரண்டு வந்தது. மாலைகள் வைக்க இடமில்லை.

நெருப்பு நம்மிடம் இருந்தது. ஆனால் அந்தச் சூடு அவரிடம் போய்ச் சேரவில்லை. நடுவில் ஏதோ படிந்துவிட்டது. அது என்ன என்று நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலிபீடத்து நெருப்பு அணையக்கூடாது, குரு காலைதோறும் அதில் விறகு இட வேண்டும் என்று லேவியர் நூல் 6ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. தனக்குள் இருக்கும் கடவுளின் கொடையைத் தூண்டி எழுப்பும்படி பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். இரண்டும் விழா நாளைப் பற்றிய பேச்சல்ல, சாதாரண நாளைப் பற்றிய பேச்சு.

எனவே இந்த வாரம் நாம் மூன்று காரியம் செய்வோம். நம் தெருவில் படுக்கையில் இருப்பவர் யாரென்று விசாரித்து, போகும் நாளைக் குறித்து வைப்போம். போகும்போது இளையவர் ஒருவரைக் கூட அழைத்துச் செல்வோம். வேலை தெரிந்தவர் பக்கத்தில் நின்று பழகினால்தான் அடுத்தவர் கைக்கு அந்த வேலை வரும். நெடுநாள் கழித்துக் கோவிலுக்கு வருகிறவரை வாசலிலேயே கேள்வி கேட்காமல், ஆறிக் கிடந்த எஞ்சினுக்கு மெதுவாக நெருப்பு மூட்டுவதுபோலப் பொறுமையாக வரவேற்போம்.

நான்காவது வாரமும் போவோம். ஐந்தாவது வாரமும் போவோம். நோயுற்றிருந்தேன், என்னைப் பார்க்க வந்தாய் என்று ஆண்டவர் சொல்லப்போவது அந்த நடையைத்தான்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.