வானத்தைப் பார்க்க ஒரு மனு



பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டை உங்களில் பலருக்குத் தெரிந்த இடம். சிலர் அங்கேதான் வேலை செய்கிறீர்கள். லேத் பட்டறை, கார்மெண்ட்ஸ், அச்சகம் என்று வரிசையாக இருக்கும். அவற்றுக்கு நடுவில் இஸ்ரோவின் ஓர் அலுவலகமும் இருக்கிறது. தினமும் அந்த மதிலைத் தாண்டித்தான் பஸ் போகிறது. உள்ளே என்ன நடக்கிறது?

பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு அங்கிருந்து கட்டளை போகிறது. 'இந்தப் பக்கம் திரும்பு', 'இந்தக் கருவியை நிறுத்து' என்று சொல்கிறார்கள். அது ரேடியோ அலையாக மேலே போகிறது. அப்படிக் கட்டளை கேட்டு நடக்கும் ஒரு செயற்கைக்கோளின் பெயர் அஸ்ட்ரோசாட். அது ஒரு பறக்கும் தொலைநோக்கி. வானத்தை ஆராய்வதற்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அதுதான். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. 5 ஆண்டு உழைக்கும் என்று கணக்கிட்டு அனுப்பினார்கள். 2025இல் அது 10 ஆண்டைத் தொட்டுவிட்டது.

வானத்தில் எண்ண முடியாத நட்சத்திரங்கள் இருக்கின்றன. இன்று எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது? இதை யார் முடிவு செய்கிறார்கள்? அமைச்சரா? பெரிய அதிகாரியா?

இல்லை. மனு எழுதிக் கொடுத்தவர்கள் கேட்கிறார்கள். ஒரு குழு படித்துப் பார்த்து முடிவு செய்கிறது. ஆமாம், மனுதான். ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் நாம் எழுதுகிறோமே, அதுபோல ஒரு மனு.

ஏன் மனு? தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. லாரி ஒன்று, குடங்கள் நூறு. வரிசை இல்லாவிட்டால் என்ன ஆகும்? கை பலத்தவர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள். தொலைநோக்கியும் அப்படித்தான். இருப்பது ஒன்று, கேட்பவர்கள் ஏராளம்.

இப்போது விண்வெளியில் இருப்பவற்றில் மிகப் பெரியது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் கனடாவும் சேர்ந்து அனுப்பியது. அதில் நேரம் கேட்டு 2024 அக்டோபரில் மட்டும் 2,377 மனுக்கள் வந்தன. எல்லோரும் கேட்ட நேரத்தைக் கூட்டினால் சுமார் 78,000 மணி. ஓர் ஆண்டில் எத்தனை மணி இருக்கிறது? 365ஐ 24ஆல் பெருக்கிப் பாருங்கள். 8,760 மணிதான் வரும். மீதிப் பேர் என்ன செய்வார்கள்? அடுத்த முறை வரிசையில் நிற்பார்கள்.

தொலைநோக்கியைத் தரையிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. தரையிலும் வைத்திருக்கிறார்கள். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலை இருக்கிறது அல்லவா? அங்கே காவலூரில் வைணு பாப்பு வான்காட்சி நிலையம் இருக்கிறது. பெங்களூர் கோரமங்களாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான் அதை நடத்துகிறது. அங்கேயும் மனுப் போட்டுத்தான் இரவு வாங்க வேண்டும். உங்களுக்குக் கொடுத்த இரவில் மேகம் மூடினால் போயிற்று. மேகத்தின் மேல் யாரும் புகார் கொடுக்க முடியாது.

மேகம் மட்டுமல்ல தடை. நம் தலைக்கு மேலே உள்ள காற்று ஒரு கம்பளி மாதிரி. கண்ணுக்குத் தெரியும் ஒளியை உள்ளே விடும். எக்ஸ்ரே கதிர்களைத் தடுத்துவிடும். புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியையும் தடுத்துவிடும். நம் தோலுக்கும் கண்ணுக்கும் அது நல்லது. ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அதுவே தொல்லை. ஏனென்றால் சூடான நட்சத்திரங்களும், நட்சத்திரத்தை விழுங்கும் கருந்துளைகளின் சுற்றுப்புறமும் இந்தக் கதிர்களைத்தான் அதிகம் வீசுகின்றன. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் கம்பளிக்கு வெளியே போக வேண்டும். அதற்காகத்தான் அஸ்ட்ரோசாட். அதில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கியை ஒன்று சேர்த்தது நம் பக்கத்து ஊரில்தான். ஹொசகோட்டையில் கோரமங்களா நிறுவனத்துக்கு ஒரு வளாகம் இருக்கிறது. தூசி புகாத அறையில் வைத்துச் சேர்த்தார்கள்.

அஸ்ட்ரோசாட் பூமியை ஒருமுறை சுற்ற சுமார் 98 நிமிடம் ஆகும். அந்த 98 நிமிடமும் வேலை நடக்குமா? நடக்காது. சூரியன் இருக்கும் பக்கம் திரும்பக் கூடாது. புற ஊதாத் தொலைநோக்கி, செயற்கைக்கோள் பூமியின் நிழலில் இருக்கும்போதுதான் பார்க்கும். தென் அமெரிக்கா பக்கம் ஓர் இடம் உண்டு. அங்கே விண்வெளித் துகள்கள் அதிகம். அதைக் கடக்கும்போது கருவிகளுக்கு ஓய்வு. எனவே ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் நல்ல வேலை நடந்தால் அதிகம். ஒரு மணி நேரம் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், அதற்குள் செயற்கைக்கோள் பூமியைப் பல முறை சுற்றியிருக்கும். இப்போது தெரிகிறதா, நேரம் ஏன் இவ்வளவு அருமை என்று?

சரி, மனுவில் என்ன எழுத வேண்டும்?

ஒரு கல்லூரி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். அவர் வான் ஆராய்ச்சி செய்கிறார். இஸ்ரோ குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அறிவிப்பு வெளியிடும். மனுக் கொடுக்கலாம், கடைசித் தேதி இது என்று அதில் இருக்கும். 2016இல் முதல் அறிவிப்பு வந்தபோது இந்தியாவில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர்களுக்கு இடம் கொடுத்தார்கள். பிறகு வெளிநாட்டவருக்கும் வழி திறந்தார்கள். மனுவைக் கம்ப்யூட்டர் மூலம்தான் கொடுக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டைப் புனேயில் உள்ள ஒரு வானியல் நிறுவனம் செய்து கொடுத்தது.

ஆசிரியை முதலில் எழுத வேண்டியது கேள்வி. "அந்த நட்சத்திரம் அழகாக இருக்கிறது, பார்க்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் நேரம் தர மாட்டார்கள். "இந்த நட்சத்திரம் ஏன் விட்டு விட்டு எரிகிறது? பக்கத்தில் உள்ள இன்னொன்று அதன் வாயுவை இழுப்பதாலா, வேறு காரணமா?" என்று கேட்க வேண்டும். விடை இப்படி வந்தால் என்ன பொருள், அப்படி வந்தால் என்ன பொருள் என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்து, வானத்தில் அதன் விலாசம். வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஓர் எண் தவறினால் தொலைநோக்கி வெற்று இடத்தைப் பார்க்கும். பிறகு எத்தனை நொடி வேண்டும் என்ற கணக்கு. குறைத்துக் கேட்டால் ஒன்றும் தெரியாது. கூட்டிக் கேட்டால் குழு கேள்வி கேட்கும். கடைசியாக, இதை வேறு எங்கும் பார்க்க முடியாது, இங்கேதான் பார்க்க முடியும் என்று காட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புற ஊதாத் தொலைநோக்கியின் கண் மிகவும் மென்மையானது. பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு நட்சத்திரம் இருந்தால் கண் கெட்டுவிடும். எனவே அப்படி எதுவும் பக்கத்தில் இல்லை என்று மனுப் போடுபவரே கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மேலே பழுது பார்க்க மெக்கானிக் போக முடியாதே! அதிலிருந்த மூன்று புற ஊதா, ஒளிப் பிரிவுகளில் ஒன்று 2018இல் நின்றே போனது. அன்றிலிருந்து அதைக் கேட்டு மனுப் போட முடியாது. அமெரிக்காவின் ஹபிள் தொலைநோக்கிக்கு 1993 முதல் 2009 வரை 5 முறை ஆட்கள் போய்ப் பழுது பார்த்தார்கள். அது எல்லோருக்கும் கட்டுபடியாகும் செலவா?

மனுவை இரண்டு குழுக்கள் பார்க்கும். ஒன்று கேள்வி நல்லதா என்று பார்க்கும். மற்றொன்று இது செய்யக் கூடியதா, கருவிக்கு ஆபத்து இல்லையா என்று பார்க்கும். இரண்டிலும் தேறினால்தான் பட்டியலில் பெயர் வரும்.

இப்படிப் பார்த்து என்ன கிடைத்தது? ஒரு கதை கேளுங்கள். நடந்த கதை.

ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடி 2.4 மீட்டர் அகலம். ஓர் ஆள் கையை நீட்டிப் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு. நம் அஸ்ட்ரோசாட்டில் உள்ள புற ஊதாக் கண்ணாடி 37.5 சென்டிமீட்டர்தான். ஒரு முறத்தின் அளவு. வானத்தில் ஒரு சிறு பகுதியை ஹபிள் ஏற்கெனவே பல நாள் உற்றுப் பார்த்திருந்தது. பெரியது பார்த்த இடத்தில் சின்னதுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தோன்றும். ஆனாலும் 2016 அக்டோபரில் அஸ்ட்ரோசாட் அந்த இடத்தையே பார்த்தது. 28 மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்தது.

அதில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு கூட்டம் அது. புனே நிறுவனத்தைச் சேர்ந்த கனக் சாஹாவும் பல நாட்டு நண்பர்களும் அதை ஆராய்ந்தார்கள். பார்த்தது 28 மணி நேரம். அது நிஜமா, கருவியின் கோளாறா என்று சரிபார்க்க ஏறக்குறைய 2 ஆண்டுகள்! 2020 ஆகஸ்டில் உலகுக்கு அறிவித்தார்கள். அந்த ஒளி நம்மிடம் வந்து சேர 930 கோடி ஆண்டுகள் ஆயின. நம் பூமிக்கு வயதே சுமார் 450 கோடிதான். பூமி பிறப்பதற்கு முன்பே கிளம்பிய ஒளி அது. ஹபிளுக்குத் தெரியாத அந்தப் புற ஊதா ஒளி முறம் அளவுக் கண்ணாடிக்கு எப்படித் தெரிந்தது? நம் கருவியில் இரைச்சல் குறைவு. சந்தையில் காது கூர்மையானவருக்குக் கேட்காத குரல், அமைதியான வீட்டில் சாதாரணக் காதுக்கும் கேட்கும் அல்லவா? அதுபோலத்தான்.

இனி மனுவைப் படிப்பவர்களைப் பற்றி ஒரு செய்தி.

மனுவின் மேலே பெயர் இருக்கும். பெயரைப் பார்த்ததும் படிப்பவர் மனத்தில் ஏதோ ஓடும். ஆணா பெண்ணா, பெரிய ஊரா சின்ன ஊரா, தெரிந்தவரா தெரியாதவரா? நமக்கு இது புதிதல்ல. எந்த அலுவலகத்திலும் "யார் அனுப்பினார்கள்?" என்றுதானே முதலில் கேட்கிறார்கள்!

ஹபிளுக்கு வந்த மனுக்களையும் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 2001 முதல் பார்த்தால் ஆண்கள் தலைமையில் வந்த மனுக்களே கூடுதலாகத் தேறின. படித்தவர்கள் யாரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் இடைவெளி போகவில்லை. முதலில் முகப்புப் பக்கத்தில் பெயரை எடுத்தார்கள். உள்பக்கத்தில் இருந்ததால் பெரிய மாற்றம் இல்லை. 2018இல் பெயரை முழுவதுமாக மறைத்தார்கள். மனு எழுதுபவர் "நாங்கள் முன்பு கண்டுபிடித்தது" என்று எழுதக் கூடாது. "முன்பு ஓர் ஆய்வில் கண்டது" என்றுதான் எழுத வேண்டும். குழு கூடும் அறையில் ஓர் ஆள் இருப்பார். "இது இன்னாருடைய மனுவாக இருக்கும்" என்று யாராவது பேச்செடுத்தால் உடனே நிறுத்துவது அவர் வேலை.

அந்த ஆண்டு என்ன ஆயிற்று? மனுப் போட்ட ஆண்களில் 100க்கு 8 பேருக்கு நேரம் கிடைத்தது. பெண்களில் 100க்கு ஏறக்குறைய 9 பேருக்குக் கிடைத்தது. கணக்கெடுத்த அத்தனை ஆண்டுகளில் பெண்கள் முந்தியது அதுவே முதல் தடவை. ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பெயர் மறைந்ததும், முதல் தடவை மனுப் போட்ட புதியவர்களும் கூடுதலாக உள்ளே வந்தார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்குத் தொடக்கத்திலிருந்தே இந்த முறைதான்.

மனு தேறாவிட்டால்? குறையைச் சரிசெய்து அடுத்த அறிவிப்பில் மீண்டும் போடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். திடீரென்று ஒரு நட்சத்திரம் வெடித்தால் அடுத்த அறிவிப்பு வரை காத்திருக்க முடியாது. அதற்கு அவசர மனு உண்டு. அதற்கென்று கொஞ்சம் நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு இருப்பதுபோல.

தேறியவர் பீன்யாவுக்கு வந்து கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. மேலிருந்து வருவது எல்லாம் எண்கள். பெங்களூருக்கு வெளியே பியாலாலு என்ற கிராமம் இருக்கிறது. ராகி வயல்களுக்கு நடுவே இஸ்ரோவின் பெரிய ஆண்டெனாக்கள் நிற்கும். அங்குள்ள நிலையத்தில் அந்த எண்களைச் சேர்த்து வைக்கிறார்கள். மனுப் போட்டவருக்கு அனுப்புகிறார்கள். அவர் ஓராண்டு மட்டும் தனியாக வைத்து ஆராயலாம். ஓராண்டு முடிந்ததும் பூட்டு திறக்கும். 2018 செப்டம்பரிலிருந்து அஸ்ட்ரோசாட்டின் பழைய எண்கள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. எந்த ஊர்க் கல்லூரிப் பிள்ளையும் பெயரைப் பதிவு செய்துகொண்டு எடுத்துப் பார்க்கலாம். அதற்கு மனு வேண்டாம். காசும் வேண்டாம்.