சுட்டவன் எங்கே?



எஸ்.எஸ்.சி. பரீட்சைக்கு ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவாக்கிப் பழகுறீங்க. நானும் அப்படிப் பழகித்தான் பேங்க் கிளார்க் ஆனேன். 'நிலத்தைப் பறித்தான்' என்பது 'நிலம் பறிக்கப்பட்டது' ஆகும். 'பை' போட்டு ஆளைச் சொல்லலாம், விட்டும் விடலாம். இலக்கணம் ஒத்துக்கொள்ளும்.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் நம் சனங்களைப் பற்றி இங்கிலீஷில் அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. பறிபோன அந்த நிலத்தைக் கேட்டு மாமல்லபுரம் பக்கத்துக் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10, செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். 'சுடப்பட்டார்கள்' என்று எழுதினால் சுட்டவன் எங்கே?

பரீட்சையில் பாஸிவ் எழுதி மார்க் வாங்குங்க. மனு எழுதும்போது செய்தவனை வாக்கியத்தின் முன்னால நிறுத்துங்க. ரெண்டுக்கும் இலக்கணம் வேணும்.