நான் போட்ட மூணாவது போன்



நான் எங்க குழுவோட ஊக்குநர். அன்னைக்குக் கடன் தவணை கட்டுற நாள். பணம் கொண்டு வந்துட்டிருந்த என் வீட்டுக்காரருக்கு மூணு தடவை போன் போட்டேன். மூணாவது தடவை எடுத்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, "வந்துட்டிருக்கேன்"னார். அப்புறம் சத்தம் மட்டும்தான் கேட்டது. கால்ல கம்பி வச்சாங்க. நாலு மாசம் வேலை இல்ல. குழுவுல உள்கடன் வாங்கித்தான் சமாளிச்சோம்.

வண்டி ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பேசுவது ஆபத்தான ஓட்டுதல் என்று மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் 2019 திருத்தம் சேர்த்திருக்கிறது. முதல் தடவை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். சிறைக்கும் இடம் உண்டு. மூன்று வருஷத்துக்குள் மறுபடி மாட்டினால் 10,000.

சட்டம் ஓட்டுறவரைத்தான் பிடிக்கும். கூப்பிட்ட என்னை யார் பிடிப்பா? அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டினதில்ல. மாமியார் சொன்னாங்க, சொல்லட்டும்.

இப்ப எங்க குழுவுல யாருக்குப் போன் போட்டாலும் முதல் கேள்வி, "வண்டியிலயா இருக்கீங்க?" ஆமான்னா உடனே வச்சிடுவோம். போன மாசம் ஒருத்தர் தவணையோட அரை மணி நேரம் லேட்டா வந்தாங்க. தீர்மான நோட்டுல யாரும் அதை எழுதல.